டூக்குவும் அப்பாவின் இடது காலும்

எங்கள் தெருவில் நாய்கள் இருந்தன. நாய் வளர்ப்பவர்கள் யாரும் இல்லை. அவை தெருவுக்குச் சொந்தம். மீந்த சோற்றை வாசலில் கொட்டினால் வந்து தின்னும், கல்யாண வீட்டு எச்சில் இலைக்குச் சண்டை போடும். காலையில் தெருவின் நீளத்துக்குப் பட்டு இழைகளை இழுத்துக் கட்டிப் பாவு போடும்போது மட்டும், சொல்லி வைத்தாற்போல் ஓரமாக ஒதுங்கிப் படுத்துக்கொள்ளும். ஆரணியில் பிறந்த நாய்க்குப் பாவை மிதிக்கக் கூடாது என்று யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. மற்றபடி நாய்க்கு வீட்டுக்குள் என்ன வேலை என்பதுதான் தெருவில் எல்லோருடைய எண்ணமும். என் அப்பாவுடையது இன்னும் கொஞ்சம் உறுதியாக இருந்தது.

அந்த எண்ணத்தைக் கெடுத்தவர் மாமா, அதாவது அம்மாவின் தம்பி. பெங்களூரில் ஒரு பணக்கார வீட்டில் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். லீவு கிடைத்தால் கண்ணமங்கலத்தில் இருக்கும் தன் வீட்டில் பையை வைத்துவிட்டு, அடுத்த பஸ்ஸிலேயே அக்காவைப் பார்க்க வந்துவிடுவார். அவர் கொண்டுவரும் சாமானைவிட, அதோடு கொண்டுவரும் கதை பெரிதாக இருக்கும். ஒருமுறை கொண்டுவந்த டார்ச் லைட் பட்டாளத்துக்காகவே செய்தது என்றார். இன்னொரு முறை கண்ணாடித் தம்ளர்கள், கீழே போட்டாலும் உடையாது என்றார். அம்மா தம்பி சொல்லை நம்பி ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். அதற்குப் பிறகு மாமா சொல்வதை எங்கள் வீட்டில் கேட்டுக்கொள்வதோடு சரி.

நான் அப்போது நான்காவது படித்துக்கொண்டிருந்த சிறுமி. மாமா ஒரு ஒயர்க் கூடையை நடுக்கூடத்தில் வைத்து, மேலே மூடியிருந்த துண்டை எடுத்தார். உள்ளிருந்து ஒரு தலை எழுந்தது. அதில் முகம் எந்தப் பக்கம் என்று எனக்குச் சட்டென்று தெரியவில்லை. பொன்னிற முடி வழிந்து கண்ணை மூடியிருந்தது. முதுகில் வகிடெடுத்துச் சீவியதுபோல் இரண்டு பக்கமும் கரும்புகை நிறத்தில் முடி தொங்கியது. முடிக்குள் நாய் எவ்வளவு என்று தடவிப் பார்த்தால் ஒரு பிடிதான் இருந்தது.

யார்க்‌ஷயர் டெரியர் என்றார் மாமா. அவர் வேலை செய்த வீட்டம்மா வெளிநாட்டில் இருக்கும் மகளோடு தங்கப் போகிறாராம். நாயை நல்ல இடமாகப் பார்த்துக் கொடுக்கச் சொன்னாராம். மாமா பார்த்த நல்ல இடம் நாங்கள். அதன் பெயர் டியூக். எங்கள் தெருவின் வாயில் அது ஒரே நாளில் டூக்கு ஆகிவிட்டது.

அப்பா தறியை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்காமலே எந்தப் பேச்சையும் முடித்துவிடும் பழக்கம் அவருக்கு. எங்கள் கூடத்தில் பாதியைத் தறி அடைத்துக்கொண்டிருந்தது. தறிக்குக் கீழே ஒரு குழி. அதன் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் குழிக்குள் விட்டு, அடியில் கயிற்றில் தொங்கும் இரண்டு மிதிபலகைகளை மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். மிதித்தால்தான் பாவு இழைகள் மேலும் கீழுமாகப் பிரியும். பிரிந்த வழியில் குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு நாடா ஓடும். அப்பா ஒரு காலை மிதித்துக்கொண்டே கேட்டார்.

"இத வெச்சிகினு இன்னா பண்றது?"

"இன்னா மாமா இப்டி கேட்டுட்டீங்க. சீமையில நெசவுக்காரங்க வெச்சிருந்த நாயி இது. தறிக்கூடத்துல எலி புடிக்கறதுக்குன்னே வளத்தாங்க," என்றார் மாமா.

பல வருடம் கழித்து, சென்னையில் வேலைக்கு வந்த பிறகு, இந்த நாய்களைப் பற்றி ஏதோ ஒன்றைப் படித்தபோது தூக்கிவாரிப் போட்டது. மாமா சொன்னது உண்மை. எனக்குத் தெரிந்து அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான். அதைத்தான் அன்றைக்கு ஒருவரும் நம்பவில்லை.

நம்பாததற்குக் காரணமும் இருந்தது. டூக்கு வந்த அதே வாரத்தில் சமையலறை மூலையிலிருந்து ஒரு பெருச்சாளி புறப்பட்டு, யாரையும் சட்டை செய்யாமல் கூடத்தைக் குறுக்காகக் கடந்தது. டூக்குவைவிட அது கொஞ்சம் பெரிது. நாங்கள் எல்லோரும் டூக்குவைப் பார்த்தோம். டூக்கு ஒரே தாவலில் அம்மாவின் மடியில் ஏறிக்கொண்டு, அங்கிருந்து மிக வீரமாகக் குரைத்தது. பெருச்சாளி போன பிறகும் ரொம்ப நேரம் குரைத்தது.

"நல்லா புடிக்குது," என்றார் அப்பா. "அடுத்த லீவுக்கு ஒன் தம்பி வந்தா ஜல்தியா இட்டுகினு போவச் சொல்லு." அதன்பின் வாரத்துக்கு ஒரு தரமாவது இதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

தெருவில் டூக்குவின் மதிப்பு வேறு விதமாக ஏறியது. பட்டுக்காரர்கள் ஊரில் எதையும் கண்ணால் பார்த்து ஒத்துக்கொள்ள மாட்டார்கள், விரலால் பார்க்க வேண்டும். வந்தவர்களெல்லாம் டூக்குவின் முடியை இரு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு முடியை இழுத்து வெளிச்சத்தில் பிடித்து, பளபளப்பு இருக்கிறது, முறுக்கு பத்தாது என்று தீர்ப்புச் சொன்னார். கண்ணில் விழும் முடியை உச்சியில் சேர்த்துக் குடுமியாகக் கட்ட, அம்மா தறியில் கழித்துப்போட்ட பட்டு நூலை எடுத்துக்கொண்டாள். தறியில் மாம்பழ மஞ்சள் ஓடினால் குடுமியில் மாம்பழ மஞ்சள். மயில் கழுத்து ஓடினால் மயில் கழுத்து. இப்போது எங்கள் வீட்டில் என்ன புடவை நெய்கிறார்கள் என்பது தெருக்கோடி வரைக்கும் தெரிந்தது. தொழில் ரகசியம் போச்சு என்று அப்பா முணுமுணுத்தார். நூலை அவிழ்த்துவிடச் சொல்லவில்லை.

காலையில் நான் சீப்பால் சீவிவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். மாலையில் தெருமுனையில் என் செருப்புச் சத்தம் கேட்கும்போதே வாசலில் நிற்கும். பகலெல்லாம் எங்கே இருந்தது என்று கேட்டால், கட்டிலுக்கு அடியில் தூங்கியது என்று அம்மா சொல்வாள். ஆரணி வெயிலில் அவ்வளவு முடியைச் சுமந்துகொண்டு அது வேறென்ன செய்யும் என்று நானும் நினைத்தேன். முடியில் மட்டும் சில நாள் குழிமண் ஒட்டியிருக்கும். அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை, சீவிவிட்டுவிடுவேன்.

ஆடிக் கடைசியில் ஒருநாள், நெய்து முடித்த புடவையைக் கொடுக்க அப்பா முதலாளி வீட்டுக்குச் சைக்கிளில் போனார். பட்டும் ஜரிகையும் கொடுத்து நெய்து வாங்குகிறவரை நாங்கள் முதலாளி என்போம். பள்ளி லீவாக இருந்ததால் நானும் பின்னால் உட்கார்ந்து போனேன். முதலாளி புடவையை வெள்ளை விரிப்பில் விரித்தார், தடவினார், ஒரு முனையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அங்கொன்றும் இங்கொன்றுமாக நூல் இரண்டு மூன்று இழைகளைத் தாண்டி மேலாக ஓடியிருந்தது. எனக்கே தெரிந்தது.

ஆரணியில் ஒரு நல்ல முதலாளி புடவையைப் பார்ப்பதும், டாக்டர் எக்ஸ்ரே பார்ப்பதும் ஒன்றுதான். நெய்தவருக்கு எங்கே கோளாறு என்று துணி சொல்லிவிடும்.

"இன்னாப்பா, இடது கால்ல எதுனா கோளாறா? அந்தப் பக்கத்து மிதி முழுசா உழலியே," என்றார்.

அப்பா என் தலைக்கு மேலே சுவரைப் பார்த்தார். அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை என்பதால், அப்போது கேட்டதையும் பொய்யென்று நினைக்கவில்லை.

"ஆமாங்க. கொஞ்ச நாளா முட்டி புடிச்சிக்குது."

முதலாளி நல்ல மனிதர். காபி வரவழைத்தார். தன் மகளுக்குத் தை மாதம் கல்யாணம் என்றும், முகூர்த்தப் புடவையை அப்பாவின் கையால்தான் நெய்ய வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் ஆசைப்படுவதாகவும் சொன்னார். காலைக் கவனித்துக்கொள், இன்னும் ஒரு புடவை பார்ப்போம், அதுவும் இப்படி வந்தால் வேறு தறியில் போட்டுவிடுகிறேன், தப்பாக நினைக்காதே என்றார். திரும்பும் வழியில் அப்பா சைக்கிளை என்னவோ நன்றாகத்தான் மிதித்தார்.

அன்று சாயங்காலத்துக்குள் அப்பாவின் கால் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. ஒருவர் முடக்கத்தான் கீரை கொண்டுவந்தார். ஒருவர் உருளைக்கிழங்கை நிறுத்தச் சொன்னார். தேவிகாபுரத்தில் ஒரு வைத்தியர் கொடுக்கும் தைலம் கைகண்ட மருந்து என்று சொல்லி, பக்கத்து வீட்டுக்காரர் பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தார். அதன் நாற்றத்துக்கு டூக்கு தும்மித் தும்மி வாசலுக்கு ஓடியது. காய்ச்சலுக்குக்கூட மாத்திரை விழுங்காத அப்பா, கசாயத்தைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். அவர் முகம் போகும் போக்கைப் பார்த்து அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொள்வாள். அழுகிறாள் என்று நினைத்து எனக்கும் அழுகை வரும்.

எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. பின்தெருவில் ஒருவருக்கு வாதத்தில் கால் இழுத்துக்கொண்டு, தறியைப் பிரித்து விற்றுவிட்டார்கள். தறி இருந்த இடத்தில் குழியை மூடிச் சிமெண்ட் பூசியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் கூடத்தில் அப்படி ஒரு சிமெண்ட் சதுரம் வந்துவிடும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

எதிர்வீட்டுப் பெரியம்மாதான் எனக்கு வழி சொன்னார். அவர் காசிக்குப் போய் வந்தவர். காசிக்குப் போனால் பிடித்ததை ஒன்றை விட்டுவிட்டு வர வேண்டும் அல்லவா. அவர் பாகற்காயை விட்டுவிட்டு வந்திருந்தார். "புடிச்சத உட்டாத்தான் கண்ணு சாமி காது குடுக்கும்," என்றார். நான் தெருமுனைப் பிள்ளையாரிடம் போய் முதலில் தேன் மிட்டாயை விட்டேன். அப்பாவின் கால் அப்படியே இருந்தது. பிறகு பஞ்சுமிட்டாய், டிவியில் வெள்ளிக்கிழமைப் படம் என்று ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தேன். தறியில் இருந்த புடவையை எட்டிப் பார்த்தால், ஒரு முழத்துக்குள்ளேயே நூல் தாண்டியிருந்தது. பிள்ளையார் எதைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. நான்தான் தெரியாததுபோல் சுற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, டூக்குவை விட்டுவிடுகிறேன், அப்பா காலைச் சரி பண்ணு என்று சொல்லிவிட்டேன்.

மாமா அடுத்த லீவுக்கு வந்ததும் நானே டூக்குவைக் கூடையில் வைத்து, சீப்பையும் உள்ளே வைத்து, கண்ணமங்கலத்துக்குக் கொண்டுபோங்கள் மாமா என்றேன். அம்மா ராட்டையில் நாடாவுக்குத் தார் நூல் சுற்றும் கையை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அப்பா வாயைத் திறந்தார். இத்தனை வாரமாக அனுப்பு அனுப்பு என்றவர் அவர்தான். இப்போது அவர் என்ன சொல்ல முடியும். மூடிக்கொண்டார். அம்மா அவரையே இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் பஸ் ஸ்டாண்டுவரை கூடவே போனேன். பஸ் கிளம்பும்போது கூடையின் ஓட்டை வழியாக மூக்கு மட்டும் வெளியே வந்தது. வீட்டுக்கு வரும்வரை அழுதேன். பிள்ளையாரைத் தாண்டும்போது மட்டும் நிறுத்திக்கொண்டேன், அவர் தப்பாக நினைத்துவிடுவாரோ என்று.

பிள்ளையார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மறுநாளிலிருந்தே தறியில் ஒரு இழைகூடத் தாண்டவில்லை. புடவையின் ஆரம்பத்தில் இருந்த கோளாறு போகப்போகக் காணாமல் போனதைப் பார்த்த முதலாளி, கால் பொன்னாக ஆகிவிட்டதே என்று சொல்லி, முகூர்த்தப் புடவைக்கான பட்டை எடுத்து வைத்தார். தெருவில் ஆளுக்கொரு பங்கு கேட்டார்கள். தைலம்தான் என்றார் பக்கத்து வீட்டுக்காரர், கீரைதான் என்றார் இன்னொருவர். எனக்கு உண்மை தெரியும் என்பதால் நான் வாதாடவில்லை.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. கால் சரியான சந்தோஷம் அப்பாவிடம் காணோம். தட்டில் பாதிச் சோற்றை ஒதுக்கினார். நெய்துகொண்டே இருப்பவர் திடீரென்று நிறுத்திக் குழிக்குள் குனிந்து பார்ப்பார், மறுபடி நெய்வார். கால் சரியாகிவிட்டதை அவராலேயே நம்ப முடியவில்லை, அதுதான் எட்டிப் பார்த்துக்கொள்கிறார் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, "காலு எப்டி இருக்குதுன்னு கொஞ்சம் நடந்து பாத்துட்டு வரேன்," என்று கிளம்பினார். சாயங்காலம் திரும்பி வந்தபோது கையில் ஒயர்க் கூடை இருந்தது.

"ஒன் தம்பி பொண்டாட்டிக்கு ஒத்துக்கலியாம். தும்மிகினே கீறாங்க," என்றார் அம்மாவிடம்.

"தும்மறாங்களா," என்றாள் அம்மா.

அத்தை பிற்பாடு சொன்ன கதை வேறு. தும்மலும் இல்லை ஒன்றும் இல்லையாம். வாசலில் வந்து நின்ற அப்பா தண்ணீர்கூடக் குடிக்காமல், நாய் எங்கே என்றாராம். அத்தை கொல்லையிலிருந்து தூக்கி வந்து கொடுத்ததும், குடுமி ஏன் அவிழ்ந்திருக்கிறது என்று கேட்டாராம்.

டூக்கு கூடையிலிருந்து குதித்து என் காலைச் சுற்றிச் சுற்றி வந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அதே அளவு பயமும் தாங்கவில்லை. விட்டதைத் திரும்ப வாங்கிக்கொண்டால் சாமி சும்மா இருக்குமா? அதுவும் முகூர்த்தப் புடவை தறியில் ஏறியிருக்கும் நேரத்தில். நான் கொண்டுவரவில்லை, அப்பாதான் கொண்டுவந்தார் என்று பிள்ளையாரிடம் போய்ச் சொல்லிப் பார்த்தேன். அப்பாவைக் காட்டிக் கொடுத்ததுபோல் ஆகிவிட்டதே என்று அடுத்த நாள் போய் அதையும் திரும்ப வாங்கிக்கொண்டேன். மற்ற நேரமெல்லாம் அப்பாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலாண்டுப் பரீட்சை வந்தது. பரீட்சை முடிந்ததும் மத்தியானமே வீட்டுக்கு விட்டுவிடுவார்கள். அப்படி ஒருநாள் வழக்கமில்லாத நேரத்தில் வீட்டுக்குள் நுழைந்தவள், வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். அப்பா நெய்துகொண்டிருந்தார். வலது முழங்கால் எப்போதும்போல் ஏறி இறங்கியது. இடது முழங்கால் மட்டும் விகாரமாக மேலே போய், பாதியோடு நின்று, மறுபடி மேலே போனது. இழுத்துக்கொண்டுவிட்டது என்று நினைத்தேன்.

ஓசையில்லாமல் பக்கவாட்டில் போய்க் குழிக்குள் பார்த்தேன். இடது மிதிபலகையின் கயிறு புதிதாக முடிச்சுப் போட்டுக் குட்டையாக்கியிருந்தது. பலகை வலதைவிட ஒரு ஜாண் உயரத்தில் தொங்கியது. அதற்கு அடியில், ஈரமாகக் குளிர்ந்திருக்கும் குழிமண்ணில், அரக்குச் சிவப்புக் குடுமியோடு டூக்கு தூங்கிக்கொண்டிருந்தது. பலகை கீழே வந்தது, அதன் காதுக்கு மேலே நின்றது, திரும்ப ஏறியது. டூக்கு அசையவில்லை. மேலே பாவில் இழைகள் தாராளமாகப் பிரிந்தன, நாடா ஒரு இழையையும் தாண்டாமல் ஓடியது.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பாவம் அப்பா, கீழேவரை மிதிக்கக் காலில் தெம்பில்லாமல், முதலாளிக்குத் தெரியக் கூடாதென்று பலகையையே மேலே தூக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். கீழே இடம் காலியானதும் இந்த நாய் வசதியாகப் போய்ப் படுத்துக்கொண்டது.

அம்மாவிடம் ஓடினேன். அப்பாவுக்கு மறுபடி அந்தக் கால் வந்துவிட்டது என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அம்மா ராட்டையை நிறுத்தக்கூட இல்லை.

"ஒங்கப்பாவுக்கு அந்த நோவு போவாது, உட்டுடு," என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். இவ்வளவு கல்நெஞ்சா என்று எனக்கு அம்மாமேல் அப்படி ஒரு கோபம் வந்தது.

யாரும் இல்லாத அப்பாவுக்கு நான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, மாடத்திலிருந்த தைலப் பாட்டிலை எடுத்துப் போய்த் தறிக்குப் பக்கத்தில் மண்டி போட்டேன். அப்பா நாடாவை நிறுத்தினார். பாட்டிலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். என் கண்ணில் நீர் இருந்திருக்க வேண்டும். குழியிலிருந்து காலை எடுத்து நீட்டினார். அது வலது கால்.

"இதில்லப்பா. அந்தக் காலு."

அப்பா நீட்டிய காலை உள்ளே இழுத்துக்கொண்டார். கீழே எட்டிப் பார்த்தார். பிறகு இடது காலைப் பலகையிலிருந்து எடுத்து, எதன்மேலும் பட்டுவிடாமல், மெதுவாக, மிக மெதுவாக வெளியே கொண்டுவந்து என்முன் நீட்டினார். அவ்வளவு மெதுவாக எடுக்கிற அளவுக்கு வலிக்கிறதே என்று, நான் தைலத்தை இன்னும் கொஞ்சம் தாராளமாக ஊற்றித் தேய்த்தேன்.